ஒட்டுப் போர்வையும் உழைப்புக் கூலியும்

தோட்டக் கிளையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



சங்கக் கூட்டத்தில் தையலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தெரிந்ததும் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். "சம்பள விஷயம் பேசவேண்டிய இடத்தில் போர்வை விஷயமா?" என்று கேட்டார்களாம். அப்படிக் கேட்டவர்கள் முன்வரிசைக்கு வந்து அமரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இதுவும் சம்பள விஷயந்தான். எப்படி என்பதைப் பேச்சின் பாதியிலேயே கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

நாம் பேசப்போவது மெத்தைப் போர்வை. ஆங்கிலத்தில் குவில்ட் என்பார்கள். மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு; மூன்றையும் ஊடுருவித் தைத்துவிட்டால் அதுதான் மெத்தைப் போர்வை. மேல்துணி ஒரே துணியாகவும் இருக்கலாம். துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி ஒட்டிய துணியாகவும் இருக்கலாம். இந்த ஒட்டுவேலை நமக்கு ஒன்றும் புதிதல்ல. நம் பாட்டிமார் பழம்புடவைகளை நாலைந்து மடிப்பாகப் போட்டு, ஓட்டத் தையல் ஓடவிட்டு, பிள்ளைக்குப் படுக்கை செய்தார்கள். வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். கர்நாடகத்தில் கவுதி என்பார்கள். நமது அண்டைவீட்டு மலாய்த் தாய்மார்களின் ஒட்டுவேலைக்குத் தம்பால் செரிபு என்று பெயர். ஆயிரம் ஒட்டு என்று பொருள். துணி அருமையாகக் கிடைத்த வீடுகளிலெல்லாம் இந்தக் கலை இருந்திருக்கிறது.

இதில் மெஷின் எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-ல் தையல் மெஷினுக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். ஐசக் சிங்கர் 1851-ல் தமது மெஷினுக்கு வாங்கினார். ஆனால் மெஷினை ஏழை வீட்டுக்குள் நுழைய வைத்தது இரும்பின் சாமர்த்தியம் மட்டுமல்ல. 1856-ல் சிங்கர் கம்பெனி ஆரம்பித்த தவணை முறை. கொஞ்சம் முன்பணம், பிறகு மாதாமாதம் ஒரு தொகை. மலாயாத் தோட்டத்து லயங்களில் காலால் மிதிக்கும் கறுப்பு மெஷின்கள் வந்து உட்கார்ந்ததும் இதே வழியில்தான். சம்பள நாளில் தவணைக்காரர் வந்து நின்ற கதையை இங்கே இருக்கும் மூத்த தாய்மார்களைக் கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்லுவார்கள்.

துண்டுகளை மெஷினில் ஒட்டுவதை அமெரிக்கப் பெண்கள் வெகு காலத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வேலையை மட்டும் கையால் செய்தால்தான் அசல் என்று நெடுங்காலம் பிடிவாதம் இருந்தது. 1989-ல் கென்டக்கி மாநிலத்துப் படூகா நகரில் நடந்த பெரிய போர்வைக் கண்காட்சியில் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்ற பெண்மணியின் போர்வைக்கு முதற்பரிசு கிடைத்தது. முழுக்க மெஷினால் தைத்த போர்வை. அங்கே மெஷின் வேலைக்கு முதற்பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. முணுமுணுத்தவர்கள் உண்டு. எங்கள் அபிப்பிராயத்தில் அது வீண் முணுமுணுப்பு. பால் வெட்டும் கத்தி கையில் இருந்தாலும் வெட்டுகிறவன் கைதானே பேசுகிறது? மெஷினும் அப்படித்தான்.

கையும் மெஷினும்

வெட்டுக்காட்டில் பழகிய கைக்கு இந்த வேலை சீக்கிரம் படியும் என்று நாங்கள் நம்புகிறோம். பட்டையை மெல்லிசாகச் சீவவேண்டும். ஆழம் போனால் மரத்தில் காயம் படும். மேலோடு போனால் பால் வராது. கண்ணும் கையும் ஒரே கதியில் போகவேண்டும். மெஷினில் மெத்தைத் தையல் போடும்போதும் அதே கதிதான் வேண்டும்.

இரண்டு வகையாகத் தைக்கலாம். முதல் வகை நேர்க்கோட்டுத் தையல். மூன்று அடுக்குத் துணியைச் சாதாரண மெஷினில் ஓட்டினால் அடியில் இருக்கும் பற்கள் கீழ்த்துணியை மட்டும் இழுக்கும். மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். இதற்காகவே வாக்கிங் ஃபுட் என்று ஒரு பாதம் விற்கிறது. அது மேல்துணியையும் கீழ்த்துணிக்குச் சமமாக நடத்திக்கொண்டு போகும். உங்கள் மெஷினுக்குப் பொருந்துகிறதா என்று கடையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். தையல் நீளத்தை இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை வையுங்கள். ஊசி 14-ஆம் நம்பர் போதும். ஒவ்வொரு பெரிய வேலைக்கும் புது ஊசி மாட்டவேண்டும். முனை மழுங்கிய ஊசி துணியில் டப் டப் என்று குத்தும், சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது வகைதான் ஆனந்தம். மெஷினின் பற்களைக் கீழே இறக்கிவிட்டு, ரஃபு அடிக்கும் பாதத்தை மாட்டிக்கொண்டால், துணியை எந்தத் திசைக்கும் நாமே நகர்த்தலாம். ஊசி ஓரிடத்தில் நின்று ஏறி இறங்கும். துணி அதற்கடியில் ஓடும். பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு காகிதத்தை அசைத்துக் கோலம் போடுவது போல! ஆமாம், நமது சிக்குக் கோலத்தையே இதில் போடலாம். வளைந்து வளைந்து கோடு எடுத்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் கோலம் இந்தத் தையலுக்கென்றே பிறந்தது போல இருக்கிறது. பழைய கால்மெஷின்களில் பற்களை இறக்கும் வசதி இல்லாவிட்டால், அவற்றின்மேல் ஒரு தகட்டைப் பொருத்தி மூடிவிடலாம். அல்லது தையல் நீளத்தைச் சுழியாக்கிவிட்டும் தைக்கலாம். கால் வேகமும் கை வேகமும் ஒத்துப்போகாத வரையில் தையல் ஒரு பக்கம் பொடியாகவும் ஒரு பக்கம் நீளமாகவும் விழும். இரண்டு வாரம் பழைய துணியில் பழகுங்கள். துணி நழுவாதிருக்க, விரலில் ரப்பர் பூசிய கையுறையைப் போர்வைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் இங்கே சந்தோஷத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். நம் பால் போகாத இடம் எது?

துணி விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். பருத்தித் துணியே நல்லது. தையற்கடைகளில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். ஆனால் இழுத்தால் நீளும் பனியன் துணியையும் வழுக்கும் சில்க்கையும் ஆரம்பத்தில் தொடாதீர்கள். முதலில் துவைத்துச் சுருங்கவிட்டு இஸ்திரி போடவேண்டும். பாத்தேக் துணியானால் சாயத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும். ஈரமாக்கி, வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லதே தவிரப் போர்வைக்கு ஆகாது; வழுக்கிக்கொண்டு ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். தகடாக விற்கும் மெல்லிய பருத்திப் பஞ்சு நமது வெயிலுக்கு ஏற்றது. அதற்குப் பணம் இல்லாவிட்டால் பழைய ஃபிளானல் போர்வையையே நடுவில் வைக்கலாம். பனியில் கிடக்கும் நாட்டுக்காரர் போடுகிற தடிமனான பாலியஸ்டர் பஞ்சை இங்கே போட்டால் யார் போர்த்திக்கொள்வது? கேமரன் மலையில் இருப்பவர்கள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும்.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, கையகலத்துக்கு ஓர் ஊக்கு குத்தவேண்டும். நடுவிலிருந்து தைக்க ஆரம்பித்து ஓரத்துக்கு வரவேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தவர்களுக்கு நடுவில் ஒரு மேடு எழும்பும். அதை எந்த இஸ்திரியாலும் அமுக்க முடியாது.

முதல் போர்வையை விற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அது உங்கள் பிள்ளைக்கோ பேரனுக்கோ இருக்கட்டும். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரை முடித்து, பால் சுமந்து, வீட்டுக்கு வந்து சமைத்து, துவைத்து, நாள் முழுவதும் பிறருக்காகவே ஓடுகிற ஒரு பெண், சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் அழகு என்று யோசித்துக்கொண்டு உட்காருவது பெரிய விஷயம். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் கணக்குக் கேட்க உரிமையில்லை. வீட்டுக்காரர்களும் இதைக் கவனிக்கவேண்டும். அந்த நேரத்தில் தேநீர் போட்டுத் தரக்கூட உங்களுக்குக் கை இருக்கிறது. இன்னும் ஒன்று: பட்டணத்துத் தையற்கடைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் ஆண்கள்! மெஷின் பெண்பிள்ளைச் சாமான் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

இனி கணக்கு

அண்டைவீட்டார் பார்த்து, "எனக்கும் ஒன்று தைத்துத் தா, காசு தருகிறேன்" என்று சொல்லும் நாள் வரும். அன்றைக்குத்தான் சங்க விஷயம் ஆரம்பமாகிறது.

ஒரு குழந்தைப் போர்வையை எடுத்துக்கொள்வோம். 36 அங்குலம் அகலம், 48 அங்குலம் நீளம். நாலரை அங்குலச் சதுரமாக வெட்டி, சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்தபின் நாலு அங்குலம் நிற்கும். அகலத்தில் 9, நீளத்தில் 12, மொத்தம் 108 துண்டு. நல்ல எண்தான்! கை பழகிய ஒருவர் துணியைத் துவைத்து இஸ்திரி போட ஒரு மணி, வெட்ட ஒன்றரை மணி, துண்டுகளை இணைக்க மூன்றரை மணி, விரித்து ஊக்கு குத்த ஒரு மணி, மெத்தைத் தையலுக்கு மூன்று மணி, ஓரப்பட்டி வைத்து முடிக்க இரண்டு மணி. கூட்டினால் 12 மணி நேரம். பஞ்சு, அடித்துணி, நூல், வாங்கிய துண்டுகள் எல்லாவற்றுக்கும் 35 வெள்ளி என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

இதைச் செய்து முடித்த தாயார், "என்ன கேட்பது, நமக்குத் தெரிந்தவர்தானே" என்று 60 வெள்ளி வாங்குகிறார் என்று வையுங்கள். கையில் 60 வெள்ளி வந்தவுடன் சந்தோஷம். ஆனால் 35 வெள்ளி சாமானுக்குப் போயிற்று. மிச்சம் 25 வெள்ளி. அதை 12 மணியால் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 2 வெள்ளி 8 காசு!

2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று அமலுக்கு வந்தது. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. ஒரு துரை உங்களைக் கூப்பிட்டு, "மணிக்கு 2 வெள்ளி தருகிறேன், வந்து வேலை செய்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? மறுநாளே சங்கத்துக்கு வந்து நிற்பீர்கள். நாமும் உங்களோடு வருவோம். ஆனால் அந்தத் துரை வேலையை நாமே நமக்குச் செய்துகொண்டால் யாரிடம் போய் முறையிடுவது? வீட்டில் சொந்தமாகத் தைத்து விற்பவருக்கு அந்தச் சம்பள உத்தரவு பொருந்தாது. அவருக்கு முதலாளியும் அவரே, கூலியும் அவரே. ஆகையால் அந்த 8 வெள்ளி 72 காசைச் சட்டமாக அல்ல, அளவுகோலாக வைத்துக்கொள்ளும்படி சொல்லுகிறோம். 12 மணிக்குக் கூலி 104 வெள்ளி 64 காசு. சாமான் 35 வெள்ளி. ஆக 139 வெள்ளி 64 காசு. அந்தப் போர்வையின் நேர்மையான விலை அது. மின்சாரமும் மெஷின் தேய்மானமும் இன்னும் சேர்க்கவில்லை.

"அவ்வளவு விலைக்கு யார் வாங்குவார்?" என்று பின்னால் ஒரு தாயார் கேட்கிறார். நியாயமான கேள்வி. தொழிற்சாலையில் தைத்து இறக்குமதியாகிற போர்வை பேரங்காடியில் அதைவிட எவ்வளவோ மலிவாகக் கிடைக்கிறது. அதோடு விலையில் மல்லுக்கு நிற்பது வீண் வேலை. தொழிற்சாலை செய்ய முடியாததைத்தான் நாம் செய்யவேண்டும். காலமான தாயாரின் சேலைகளைக் கொண்டுவந்து, "இதை நாலு பிள்ளைகளுக்கும் நாலு போர்வையாக்கித் தாருங்கள்" என்று ஒருவர் கேட்டால் எந்தத் தொழிற்சாலை அதைச் செய்யும்? பள்ளிக்கூடச் சீருடை, அப்பாவின் சட்டை, பிள்ளையின் முதல் வருஷத்து உடுப்புகள், இப்படி ஞாபகத்தை வைத்துத் தைக்கும் போர்வைக்கு வாங்குகிறவர் பேரம் பேசுவது குறைவு. ஆனால் அப்படிப்பட்ட வேலையை எடுக்குமுன் கை நன்றாகப் பழகியிருக்கவேண்டும். கத்திரி ஒருமுறை தவறினால் அந்தச் சேலைக்கு வேறு சேலை கிடையாது.

அடுத்தது சின்னச் சாமான்கள். சட்டி இறக்கும் சூட்டுத் துணி ஒன்று எட்டு அங்குலச் சதுரத்தில் தைக்க அரை மணி போதும். கூலி 4 வெள்ளி 36 காசு, சாமான் 2 வெள்ளி என்றால் 7 வெள்ளிக்கு விற்கலாம்; வாங்குகிறவருக்கும் பாரம் இல்லை, தைத்தவருக்கும் நஷ்டம் இல்லை. அதற்குள்ளே பருத்திப் பஞ்சுதான் வைக்கவேண்டும். பாலியஸ்டர் சூட்டில் உருகும். பெரிய போர்வையில் இழந்த கூலி சின்னச் சாமானில் முழுதாகக் கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். தெரிந்தவர்கள் கேட்கிறார்கள் என்று பெரியதையே தைத்து இளைத்துப் போகிறவர்கள் பலர்.

இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் துண்டுகளை ஒட்டி மேல்துணி செய்கிறவர் ஒருவர். அதை வாங்கி மெத்தைத் தையல் மட்டும் போட்டுக் கொடுக்கிறவர் இன்னொருவர். சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கூலி. நாம் சொன்ன போர்வை 1,728 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 2 காசு என்றால் 34 வெள்ளி 56 காசு. மூன்று மணி வேலைக்கும் நூலுக்கும் கட்டும். பால் எடைக்குக் கூலி வாங்கிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு விளங்காதா?

இதற்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், வாங்கிய சாமான், விற்ற விலை. இங்கேதான் கிராணிமார்களின் உதவியைக் கோருகிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மெஷின் ஓடினால், நாலு கோடு போட்டு அந்த நோட்டைத் தயார் செய்து கொடுங்கள். செக்ரோல் எழுதிய கைக்கு அரை மணி வேலை.

அலபாமாவும் அகமதாபாத்தும்

தனியாகக் கணக்குப் போட்டால் மட்டும் போதாது. ஒரு லயத்தில் மூன்று பேர் தைக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் 130 வெள்ளி கேட்கிறார். அடுத்தவர் 90-க்குத் தருகிறேன் என்கிறார். மூன்றாமவர் 60-க்கு இறங்குகிறார். கடைசியில் மூவருக்கும் 60 வெள்ளிதான். வாங்குகிறவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் என்று ஒரு மாவட்டம். பருத்தித் தோட்டத்து அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் அங்கே குத்தகை விவசாயம் செய்து வந்தார்கள். கீஸ் பெண்ட் என்ற ஆற்று வளைவுக் கிராமத்தில் பலருக்கும் பெட்வே என்பதே குடும்பப் பெயர். அது பழைய தோட்ட முதலாளியின் பெயர். வாக்குரிமைப் போராட்டம் நடந்த 1960-களில், வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்த குற்றத்துக்காக அந்த வட்டாரத்தில் குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டுத் துரத்தப்பட்டன. தோட்ட வீட்டில் குடியிருந்த நமக்கு அதன் வேதனையை விளக்கவேண்டியதில்லை. அந்தப் பெண்கள் 1966-ல் ஃபிரீடம் குவில்டிங் பீ என்று ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். விடுதலைப் போர்வைக் குழு என்று சொல்லலாம். பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் துணை நின்றார். போர்வைகள் நியூயார்க்கில் ஏலத்துக்குப் போயின. பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. அந்தப் பணத்தில் சொந்த நிலம் வாங்கிச் சொந்தத் தையற்கூடம் கட்டினார்கள். 1972-ல் சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தமும் கிடைத்தது.

அந்த வேலையில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. வீட்டில் அவர்கள் தம் இஷ்டப்படி தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் நகரத்து அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தன. கடைக்காரன் கேட்ட அளவுக்குத் தைத்த உறைகளை இன்றைக்கு யாரும் தேடுவதில்லை. ஆனால் பிழைப்பைக் காப்பாற்றியவை அந்த உறைகள்தான். இரண்டையும் அவர்கள் செய்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. பேர் பெரிதான பிறகும் பணம் சரியாக வந்து சேரவில்லை என்று 2007-ல் சில பெண்கள் வழக்குத் தொடுக்கவேண்டி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்தக் கூட்டுறவு 2012-ல் மூடப்பட்டது.

அகமதாபாத் நகரத்துச் சங்கதி நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே துணி ஆலைகளில் கழிந்த துண்டுகளைச் சிந்தி என்பார்கள். வியாபாரி அதைக் கொடுப்பார். ஏழைப் பெண்கள், பெரும்பாலும் முஸ்லிம் தாய்மார்கள், வீட்டில் உட்கார்ந்து தம் சொந்த மெஷினில், தம் சொந்த நூலில், மெத்தைப் போர்வை உறை தைத்துக் கொடுப்பார்கள். உறைக்கு இவ்வளவு காசு என்று கூலி. ஈலா பட் அம்மையார் சேவா என்ற சங்கத்தை 1972-ல் பதியப் போனபோது, "முதலாளி இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு? யாரை எதிர்த்துப் பேசுவீர்கள்?" என்று அதிகாரிகள் ஆட்சேபம் செய்தார்கள். யாரையும் எதிர்க்க அல்ல, நாங்கள் ஒருவரோடு ஒருவர் சேரத்தான் சங்கம் என்று வாதாடிப் பதிவு பெற்றார்கள். பின்னர் இந்தத் தையற்பெண்கள் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். வியாபாரிகள் வேலை கொடுக்க மறுத்தபோது, பெண்கள் தாங்களே துண்டுத் துணி வாங்கித் தைத்து விற்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1996-ல் அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனம் வீட்டுத் தொழிலாளருக்கென்று 177-ஆம் ஒப்பந்தத்தை நிறைவேற்றியதற்கு இப்படிப்பட்ட பெண்களின் முயற்சியும் ஒரு காரணம்.

இந்தத் தோட்டத்திலும் நாளை ஒரு காண்டிராக்டர் வண்டியில் மூட்டை கொண்டுவந்து இறக்கி, "தைத்துக் கொடுங்கள், உருப்படிக்கு இவ்வளவு" என்று கேட்கக்கூடும். தனித்தனியாகத் தலையாட்டாதீர்கள். ஒரு உருப்படியை முதலில் ஒருவர் தைத்து நேரம் குறியுங்கள். அந்த நேரத்துக்குக் கூலி என்ன என்று கணக்கிட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே விலை சொல்லுங்கள். நூல் யாருடையது, பழுதான உருப்படி யார் கணக்கில் சேரும், பணம் எந்தத் தேதியில் என்பதை எழுதி வாங்குங்கள்.

வேறொரு ஆபத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மழையில் வெட்டு நின்ற நாட்களிலும், மரம் இலை உதிர்த்துப் பால் குறையும் மாதங்களிலும் மெஷின் கைகொடுக்கும். நல்லது. ஆனால் அதைக் காட்டி, "இவர்களுக்குத்தான் வீட்டு வருமானம் இருக்கிறதே" என்று வெட்டுக் கூலியைப் பற்றிய பேச்சைத் தட்டிக்கழிக்க யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது. வெட்டுக் கூலி வெட்டுக்கு. தையல் கூலி தையலுக்கு.

சில நடைமுறை விஷயங்கள். அடிக்கடி விற்க ஆரம்பித்தால் கம்பெனி பதிவு ஆணையத்தில் வியாபாரத்தைப் பதியவேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. தொடங்கிய 30 நாளுக்குள் பதியவேண்டும் என்பது சட்டம். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கென 2017-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குடும்பத் தலைவிகளுக்கு 2022 டிசம்பர் முதல் தேதியிலிருந்து தனித்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 55 வயது ஆகாதவர்கள் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டிச் சேரலாம். இரண்டைப் பற்றியும் சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள். கடன் விஷயத்தில் அவசரம் வேண்டாம். தெக்குன் நிறுவனத்தில் இந்தியர்களுக்கென்று ஸ்பூமி என்ற கடன் திட்டம் உண்டு. ஆனால் நோட்டில் மூன்று மாதத்துக் கணக்கு எழுதிப் பார்த்த பிறகு கடன் கேளுங்கள். விலையுயர்ந்த கம்ப்யூட்டர் மெஷினைத் தவணையில் வாங்கிவிட்டு, தவணைக்காகத் தைப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய கால்மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டினால் நேர்த்தையலுக்கு அதைவிடக் கெட்டியான மெஷின் கிடையாது.

வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி உட்காருங்கள். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து முதுகை நிமிர்த்துங்கள். காலையில் குனிந்த முதுகு சாயங்காலமும் குனியவேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் வெட்டுக்குப் போகும் பெண்கள் தைக்கக்கூடாது. ஆர்டர் அவசரம் என்றால் வாங்குகிறவர் ஒரு வாரம் பொறுக்கட்டும்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மெஷினும் மூன்று அடுக்கு போட்டு ஊக்கு குத்திய துண்டுகளும் வைத்திருக்கிறோம். பற்களை இறக்கிக் கோலத் தையல் போடுவதைத் தேநீருக்குப் பிறகு காட்டுகிறோம். பின்வரிசைத் தாய்மார்கள் முன்னே வரலாம், ஆண்களும் வரலாம். நேரம் குறிப்பதற்கு ஒரு கிராணி வேண்டும். கடிகாரம் உள்ளவர் கையைத் தூக்குங்கள்.